சிக்னல் போனால் பிள்ளையார்

கிள்ளான் கல்யாண மண்டபத்தில் பிள்ளையாரை வரவழைத்தது நான்தான். இதை நான் சொல்லாத ஆள் இல்லை. ஒரு கேபிள், ஒரு பழைய லேப்டாப், நான் தட்டிய நாலைந்து வரிகள், அவ்வளவுதான் சங்கதி என்று தலையில் அடித்துக்கொண்டு சொன்னேன். கேட்டவர்கள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். கொஞ்சமாவது சாமி பக்தி வேண்டும் என்று எனக்கே புத்தி சொல்லிவிட்டுப் போனார்கள்.

என் பெயர் மலர். கல்யாண மேடைகளில் சுவர் அகலத்துக்கு எல்இடி திரை வைக்கிறார்களே, அதைப் பொருத்திக் கொடுக்கும் பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் கம்பெனி ஒன்றில் வேலை. திரை என்பது வெறும் விளக்குக் கூட்டம், அதற்குச் சொந்த புத்தி கிடையாது. எந்தப் படத்தை எங்கிருந்து வாங்கி எவ்வளவு பெரிதாகக் காட்டுவது என்று அதற்குச் சொல்வது வீடியோ புரோசசர் என்கிற பெட்டி. அந்தப் பெட்டிக்குச் சொல்வது நான். லேப்டாப்பில் இருந்து ஒரு சீரியல் கேபிளைச் செருகி, கறுப்பு ஜன்னலில் ஒரு கட்டளையைத் தட்டி என்டர் அடிக்க வேண்டும். பெட்டிக்குப் புரிந்தால் ஓகே என்று பதில் வரும். புரியாவிட்டால் எரர் என்று வரும். மனிதர்களோடு பேசுவதைவிட இது எனக்குப் பிடித்திருந்தது, முக்கியமாக அம்மாவோடு பேசுவதைவிட.

அம்மா சீதாலெட்சுமி எதற்கும் ஓகே சொல்லமாட்டாள், எரரும் சொல்லமாட்டாள். சாமி சொல்லட்டும் என்பாள். எங்கள் கம்பெனியில் சவுண்டு பார்க்கும் சுகுமாறனைக் கட்டிக்கொள்ள ஆசைப்படுகிறேன் என்று நான் சொன்னபோதும் அதையேதான் சொன்னாள். சுகுமாறன் டெங்கில் ஊர்க்காரன், அதிர்ந்து பேசத் தெரியாதவன். பாதி ராத்திரிகளை ஸ்பீக்கர்களோடு லோரியில் கழிக்கிறான் என்பதுதான் அம்மாவின் மனக்குறை. ஆனால் அதை நேராகச் சொல்லாமல், சிவப்புப் பூவையும் வெள்ளைப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிக் கோயிலில் வைத்துக் கேட்டாள். வெள்ளை வந்தது, அதாவது வேண்டாம். நான் சண்டை போட்டதால் இன்னொரு முறை கேட்டாள். அந்த முறை பூசாரி பொட்டலங்களை விபூதி என்று நினைத்து யாருக்கோ கொடுத்துவிட்டார். இதற்கிடையில் செமினியில் சொந்த வீடு வைத்திருக்கும் ஒரு மாப்பிள்ளையின் வீட்டார், அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள்.

இனி பிள்ளையாருக்கு வருகிறேன். மண்டபத்துக்காரர் கார்த்திகேசு அங்கிள் சில மாதங்களுக்கு முன் புதிதாகத் திரை வாங்கியபோது புரோசசரைத் தயார் செய்யப் போனது நான். சிக்னல் இல்லாத நேரத்தில் அந்தப் பெட்டி தன்னைச் செய்தவனின் சின்னத்தைக் காட்டும். அந்தச் சின்னம் ஒரு சிவப்பு ஆந்தை. மேடை முழுக்க முழித்துக்கொண்டு நின்ற ஆந்தையைப் பார்த்ததும் அங்கிள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். தாலி ஏறுகிற இடத்தில் ஆந்தையா, அதைத் தூக்கிவிட்டுப் பிள்ளையாரைப் போடு என்றார்.

படத்தையும் அவரே கொடுத்தார். மளிகைக் கடைக் காலண்டரைத் தன் கைப்பேசியில் பிடித்து வைத்திருந்தார். பிள்ளையாருக்குக் கீழே கடைப் பெயரும் தொலைபேசி எண்ணும் கொட்டை எழுத்தில் இருந்தன. கட்டளை கொடுத்துக் கீழ்ப்பகுதியை வெட்டினேன். கூடவே மூஞ்சூறும் போனது. வாகனத்தை வெட்டக்கூடாது என்று அங்கிள் ஒற்றைக் காலில் நின்றதால் மூஞ்சூறைத் திரும்பக் கொண்டுவந்தேன். அதோடு ஒட்டிக்கொண்டு தொலைபேசி எண்ணின் முதல் நாலு இலக்கமும் வந்தது. சிக்னல் போனால்தானே பிள்ளையார், இதை யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

சிக்னல் போனது. மேடைக் கம்பளத்துக்கு அடியில் ஓடும் வீடியோ கேபிளில் ஒரு இடம் உண்டு. கனமான ஆள் அங்கே மிதித்தால் தொடர்பு விட்டுப்போகும். முதல் கல்யாணத்திலேயே, தாலி கட்டும் நேரத்தில், போட்டோகிராபர் அங்கே மிதித்தார். திரையில் மணமக்கள் மறைந்து பிள்ளையார் எழுந்தருளினார். ஆயிரம் பேர் எழுந்து நின்றார்கள். மேளக்காரர் குச்சியைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டார். அடுத்து ஒரு பாராட்டு விழாவில், அரசியல்வாதி ஒருவர் கார் நிறுத்த இடம் கட்டித் தருகிறேன் என்று உணர்ச்சிவசப்பட்டுக் காலை முன்னால் வைத்தார். பிள்ளையார் சாட்சிக்கு வந்துவிட்டார். கூட்டம் கைதட்டியது, அரசியல்வாதியின் முகம்தான் சரியில்லை.

அதற்கப்புறம் ஜெஞ்சாரோமில் இருந்து வந்திருந்த இராஜம்மா ஆன்டி, பிள்ளையார் காலடியில் பார்த்த நாலு இலக்கத்தைக் கொண்டுபோய் லாட்டரி நடத்தும் நம்பர் கடையில் பணம் கட்டினார். ஆறுதல் பரிசு விழுந்தது. மோதி நசுங்கிய லோரியின் நம்பர் பிளேட்டையே விடாத ஊர் இது, சாமி காலடி நம்பரை விடுமா? ஞாயிற்றுக்கிழமைகளில் கல்யாணம் இல்லாத நேரமாகப் பார்த்து மண்டபத்தில் வரிசை நின்றது. கார்த்திகேசு அங்கிள் சில விதிகளை வகுத்தார். மேடை ஏறி, கண்ணை மூடி, கேள்வியை மனசுக்குள் மட்டும் கேட்க வேண்டும். வாய்விட்டுச் சொன்னால் பலிக்காது. தட்டில் ஏற்றிய சூடம் அணைவதற்குள் பிள்ளையார் வந்தால் ஆமாம், வராவிட்டால் இல்லை.

கனமானவர்களுக்குக் காரியம் கைகூடியது. மெலிந்தவர்கள் திரும்பத் திரும்ப வந்தார்கள். கேபிளை மாற்றித் தருகிறேன் என்று நான் கெஞ்சியும், வயரில் கை வைத்தால் சாமி கோபித்துக்கொள்ளும் என்று அங்கிள் தடுத்துவிட்டார். எனக்கு எரிச்சலாக இருந்தது. இவ்வளவு பெரிய ஊரில் ஒருத்தர்கூடக் கம்பளத்தைத் தூக்கிப் பார்க்கமாட்டார்களா என்று சுகுமாறனிடம் புலம்பினேன். அவனோ தனக்கு எப்போது சம்பளம் கூடும் என்று ஏற்கெனவே இரண்டு தடவை வரிசையில் நின்று கேட்டிருந்தான்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்கமாட்டான் என்பார்கள். இந்தப் பிள்ளையாருக்குப் பூசாரியே நான்தான் என்பது ஒரு நாள் பஸ்ஸில் வரும்போது எனக்கு உறைத்தது. அம்மா வாழைத்தண்டு கனம், கம்பளத்தில் குதித்தாலும் கேபிள் அசையாது. ஆனால் புரோசசரின் மூன்றாவது வாய் ஒன்றும் செருகாமல் சும்மா கிடக்கிறது. மூன்றுக்கு மாறு என்று ஒரு கட்டளை அனுப்பினால் போதும். அங்கே சிக்னல் இல்லை, உடனே பிள்ளையார். பிறகு ஒன்றுக்கு மாறு என்றால், ஞாயிற்றுக்கிழமைகளில் வழக்கமாகத் திரையில் நிற்கும் குத்துவிளக்குப் படம் திரும்பிவிடும்.

அன்று சாயங்காலமே அம்மாவிடம் பேசினேன். ஞாயிற்றுக்கிழமை மண்டபத்துக்கு வா, சுகுமாறன் விஷயத்தைப் பிள்ளையாரிடமே கேட்டுவிடலாம், அவர் சொல்கிறபடி நான் நடக்கிறேன் என்றேன். அம்மா வெங்காயம் நறுக்குவதை நிறுத்திவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு சரி என்றாள். அம்மா வாயிலிருந்து அந்த வார்த்தை வந்த மகிழ்ச்சியில் பார்வையை நான் பொருட்படுத்தவில்லை. சுகுமாறனுக்குத் திட்டத்தைச் சொன்னதும் அவனுக்கு வியர்த்துவிட்டது.

"வேணாம் லா மலர். சாமிகிட்ட வெளையாடுனா ஸ்பீக்கர் எல்லாம் வெடிச்சிரும்" என்றான். ஸ்பீக்கரைப் பற்றித்தான் கவலைப்பட்டானே தவிர, செமினிக்காரனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இவனுக்காக நான் தெய்வக் குற்றம் செய்யப் போகிறேனே என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் விடியாததுமாகக் கார்த்திகேசு அங்கிள் போன் செய்தார். திரையைப் போட்டால் ஆந்தை வருகிறதாம், பிள்ளையாரைக் காணோமாம். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது என்பார்கள், என் தெய்வம் குறுக்கே ஓடிவிட்டது. நானும் சுகுமாறனும் லோரியில் பறந்தோம்.

புரோசசர் மேடையின் இடது பக்க அலமாரியில் இருக்கும். திறந்து பார்த்தேன். பெட்டிக்குச் சந்தனப் பொட்டு வைத்து, அருகம்புல் மாலை போட்டிருந்தார்கள். முன்பக்கத்தில் ஒரு சின்ன ஓட்டையில் ஊதுபத்தி புகைந்துகொண்டிருந்தது. ரீசெட் செய்வதற்காக, குண்டூசி நுழைகிற அளவில் விட்டிருக்கும் ஓட்டை அது. உள்ளே பட்டன் இருக்கிறது. குச்சியை அழுத்தினால் பெட்டி தான் கற்றதை எல்லாம், எந்த வாயில் படம் வருகிறது என்பதைக்கூட மறந்து, பிறந்த நாளைக்குத் திரும்பிவிடும்.

"அங்கிள், இந்தக் குச்சிய யாரு இங்க குத்துனது?"

"நான்தாம்மா. ஊதுபத்தி சொருகறதுக்குன்னே அளவா ஓட்ட விட்டிருக்கான் பாரு. சாமி தெரிஞ்ச கம்பெனி."

நான் பல்லைக் கடித்துக்கொண்டு குச்சியைப் பிடுங்கினேன். கேபிளை மேடைக்குப் பின்னால் சுற்றி, வலது பக்கத் திரைச்சீலைக்குப் பின்னால் இருந்த என் மேசைவரை இழுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ரீசெட் ஆன பெட்டி பேசும் வேகத்தையும் மாற்றிக்கொள்ளும். வேகம் பொருந்தாவிட்டால் நாம் தட்டுவது அதற்குப் புரியாது, அது சொல்வது நமக்குக் கோழிக் கிறுக்கலாக வரும். அப்படித்தான் வந்தது. என் தோளுக்குப் பின்னால் நின்ற அங்கிள், திரையில் ஓடிய கிறுக்கலை ஏதோ மந்திரம் என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். வேகத்தைச் சரிசெய்ததும் ஓகே வந்தது. ரீசெட் படங்களை அழிக்காது என்பதால் பிள்ளையார் படம் பெட்டியின் உள்ளேயே பத்திரமாக இருந்தது, அதை எடுத்துக் காட்டு என்று சொல்லிக் கொடுப்பதுதான் வேலை. படத்தைத் தேர்ந்தெடு, இவ்வளவு சுருக்கு, கீழே இவ்வளவு வெட்டு, நினைவில் வை, ஒன்றுக்கு மாறு. எல்லாவற்றுக்கும் ஓகே. ஓட்டையின் மேல் கறுப்பு டேப் ஒட்டிவிட்டு, இனி ஊதுபத்தியை வாழைப்பழத்தில்தான் குத்த வேண்டும் என்று அங்கிளிடம் சத்தியம் வாங்கினேன்.

பத்து மணிக்கு வரிசை தொடங்கியது. அம்மா பட்டுச்சேலை கட்டி, தலையில் மல்லிகைச் சரத்தோடு வந்திருந்தாள். வரிசையில் அவளுக்கு முன்னால் இருந்தவர்கள் ஏறி இறங்கினார்கள். ஆமாம் வாங்கியவர்கள் சிரித்துக்கொண்டும், வாங்காதவர்கள் அடுத்த வாரம் வருகிறோம் என்று முணுமுணுத்துக்கொண்டும் போனார்கள். மண்டபத்தின் கடைசியில் சவுண்டு மேசைக்குப் பின்னால் சுகுமாறன், குளித்து, நெற்றி நிறைய விபூதி பூசி, ஸ்பீக்கர்களின் மின்சாரத்தை முன்கூட்டியே அணைத்துவிட்டு நின்றான். அம்மா மேடை ஏறினாள். நான் திரைச்சீலை இடுக்கு வழியாகப் பார்த்தேன். அவள் கண்ணை மூடியதும் மூன்றுக்கு மாறு என்று தட்டினேன். என்டர் அடிக்க விரலைத் தூக்கினேன்.

திரை இருண்டது. நான் இன்னும் அடிக்கவே இல்லை.

மேடையின் அந்தப் பக்கம் அலமாரிக் கதவு திறந்திருந்தது. கார்த்திகேசு அங்கிள் பயபக்தியோடு எழுந்து நின்றார். அவருக்குக் கீழே, பெட்டியின் ஓட்டையில், புத்தம்புது ஊதுபத்தி புகைந்தது. வந்திருப்பது மலரின் அம்மா ஆயிற்றே, அவளுக்கு மட்டுமாவது முறைப்படி செய்வோம் என்று டேப்பை உரித்துவிட்டாராம். இதை அவர் பிறகு பெருமையாகச் சொன்னார்.

ஆந்தை வந்தது. வரிசையில் நின்றவர்கள் ஐயோ என்று முனகினார்கள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதையாவது தேவலாம். அம்மா மட்டும் கண்ணைத் திறக்கவில்லை. தட்டில் சூடம் எரிந்துகொண்டிருந்தது. அது அணைந்த பிறகு அவள் கண்ணைத் திறந்து ஆந்தையைப் பார்த்தால், என் வாழ்க்கை செமினியில்தான்.

தட்டினேன், கிறுக்கல் வந்தது. வேகத்தை மாற்றினேன். தட்டினேன், எரர். அவசரத்தில் ஒரு எழுத்து விட்டுப்போயிருந்தது. மூச்சுச் சத்தம்கூட இல்லாத மண்டபத்தில் என் கீபோர்டு மட்டும் டக்டக் என்று மாவு மில் கணக்காகச் சத்தம் போட்டது. மறுபடி தட்டினேன், ஓகே. சுருக்கவோ வெட்டவோ நேரமில்லை. சூடம் நீலமாகி நெளிந்தது. படத்தைத் தேர்ந்தெடு, மூன்றுக்கு மாறு, என்டர். என்னை அறியாமல் பிள்ளையாரப்பா என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

ஆந்தை போய்ப் பிள்ளையார் வந்தார். காலண்டர் முழுசாக, திரை அகலத்துக்கு இழுபட்டு, இரண்டு மடங்கு தொப்பையோடு வந்தார். காலடியில் கடைப் பெயரும் முழுத் தொலைபேசி எண்ணும் ஜொலித்தன. மண்டபமே கை கூப்பியது. சூடம் அணைந்தது. அம்மா கண்ணைத் திறந்து, மேலே பார்த்து, இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டாள். பிறகு படி இறங்காமல், நேராகத் திரைச்சீலையை விலக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்தாள்.

நான் லேப்டாப்பை மூடிவிட்டு எழுந்தேன். சாமி ஆமாம் சொல்லிவிட்டதே, இனி என்ன யோசனை என்று கேட்டேன். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளப் படாத பாடு பட்டேன்.

"ஆமான்னுதான் சொல்லிட்டாரு" என்றாள் அம்மா. "நான் என்ன கேட்டேன்னு ஒனக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியாது. மனசுக்குள் கேட்க வேண்டிய கேள்வியாயிற்றே. இந்த ஒரு ஓட்டையை அடைக்க மட்டும் எனக்குத் தோன்றவே இல்லை.

"அந்தப் பையனப் பத்தித்தான் கேக்கலாம்னு கண்ண மூடுனேன். பின்னால டக்கு டக்குன்னு சத்தம் கேட்டுச்சு. கேள்விய மாத்திட்டேன். புள்ளையாரே, எம் மவதான் ஒன்னயக் கம்ப்யூட்டர்ல தட்டிக் கூப்புடுறாளா, ஆமான்னா வான்னு கேட்டேன். ஒடனே வந்துட்டாரு."

என் காது மடல் சுட்டது. அத்தனை ஞாயிற்றுக்கிழமைகளிலும் அந்தத் திரை சொன்ன பதில்களில் உண்மையான பதில் இது ஒன்றுதான். அதையும் நானே அனுப்பியிருக்கிறேன்.

"வெள்ளிக்கெழம கோயிலுக்குக் கூப்புட்டா கால் வலிக்குதும்ப. நீயா வந்து சாமிகிட்ட கேப்போம்னு சொன்னப்பவே எனக்கு டவுட்டு லா" என்றாள்.

அதற்கு மேல் என்னால் நடிக்க முடியவில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது. எல்லாம் நான் செய்ததுதான், சுகுமாறன் வேண்டாம் என்றுதான் சொன்னான், அவனைத் திட்டாதே என்றேன். வேண்டுமானால் வெள்ளிக்கிழமை செமினிக்காரர்கள் முன்னால் சேலை கட்டிக்கொண்டு வந்து நிற்கிறேன் என்றும் சொன்னேன். சொல்லும்போதே சுகுமாறன் முகம் ஞாபகம் வந்து இன்னும் அழுதேன். அம்மா தன் முந்தானையால் என் மூக்கைத் துடைத்தாள், சின்னப் பிள்ளைக்குத் துடைக்கிற மாதிரி, கொஞ்சம் அழுத்தியே.

"நீங்க ரெண்டு பேரும் பேசாம ரெஜிஸ்டர் ஆபீசுக்குப் போயிருந்தா நான் என்னா பண்ணிருப்பேன்? போகலல்ல. என் வாயால சரின்னு வாங்கத்தானே இவ்ளோ கூத்து?"

நான் தலையாட்டினேன். அம்மா பெருமூச்சு விட்டு, திரைச்சீலையை ஒதுக்கி வெளியே பார்த்தாள். ஒன்றுக்கு மாறு என்று அனுப்ப மறந்துவிட்டதால் பிள்ளையார் இன்னும் போகவில்லை. கூட்டம் முழுக்கக் கைப்பேசிகளைத் தூக்கிப் பிடித்துப் புது நம்பரைப் படம் எடுத்துக்கொண்டிருந்தது. கார்த்திகேசு அங்கிள் பெட்டிக்கு இன்னொரு மாலை போட்டார். கடைசியில் நின்ற சுகுமாறன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, எல்லாம் முடிந்தது என்று நினைத்து, ஒரு ஸ்பீக்கரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றான். அம்மா கைப்பையில் இருந்து கண்ணாடியை எடுத்து மாட்டி, தொலைபேசி எண்ணின் கடைசி நாலு இலக்கத்தை என் பேனாவால் உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள்.

"மாப்பிள்ளைய லோரிய எடுக்கச் சொல்லு" என்றாள். "இத்தனை பேரும் போறதுக்குள்ள நாம நம்பர் கடைக்குப் போயிரணும்."